எழுதிக் கொடுத்தவள்

தெற்கு லண்டனில் மிட்சம், டூட்டிங் பக்கம் கடை வைத்திருக்கும் தமிழர்களில் வெண்டல் ஹஸ்கின்ஸைத் தெரியாதவர்கள் குறைவு. மீன் ஃப்ரீசர் இரையத் தொடங்கினாலும் சரி, பால் குளிரூட்டி திடீரென்று நின்றுபோனாலும் சரி, அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆறடி இரண்டங்குல உயரமான அந்தக் கறுப்பு மனிதர் வாசலில் தலையைக் குனிந்து உள்ளே வருவார். "கொஞ்சம் பொறுங்கோ" என்று தனக்குத் தெரிந்த தமிழைச் சொல்லிவிட்டு நிலத்தில் படுத்து இயந்திரத்தின் அடியில் கையை விடுவார். கடைக்காரர்களுக்கு அவர் 'வெண்டல் அண்ணை'. பிறந்தது அமெரிக்காவின் தெற்கில், மிசிசிப்பியில். விமானப்படை மெக்கானிக்காக இங்கிலாந்துக்கு வந்தவர், சேவை முடிந்தும் திரும்பிப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டால், "அங்கே என்னைத் தேட ஆள் இல்லை" என்பார். வேறு காரணம் சொன்னதில்லை.

எழுபத்திரண்டாவது வயதில் அவருடைய நுரையீரல் இறுகத் தொடங்கியது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, பிறகு நடந்தால் வாங்கியது, பிறகு பேசினாலே வாங்கியது. 2024ஆம் ஆண்டு தை மாதம் ஒக்சிஜன் இயந்திரம் வீட்டுக்கு வந்துவிட்டது. முன்னறையின் மூலையில் அது நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்க, மூக்கில் குழாயோடு சோபாவில் இருந்தபடி வெண்டல் அதன் சத்தத்தைக் கவனமாகக் கேட்பார். "இதின்ர கொம்பிரசர் சரியில்லை. என்னட்டத் தந்தா அரை மணித்தியாலத்தில திருத்திப் போடுவன்."

அவர் பேசியது ஆங்கிலந்தான். ஆனால் இருபத்துமூன்று வருடக் குடித்தனத்தில் மனைவி கிளறிற்றாவின் காதுக்குள் அது யாழ்ப்பாணத் தமிழாகவே விழப் பழகியிருந்தது. அவர் 'யூ' என்றால் அவளுக்கு அது 'நீர்'. சொந்த ஊரான பாசையூரில் அவளுடைய அப்பா அம்மாவை அப்படித்தான் கூப்பிட்டார்.

கிளறிற்றாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. மருத்துவமனை ஒன்றின் ஆவணப் பிரிவில், பழைய நோயாளர் கோப்புகளை ஸ்கான் செய்து கணினியில் ஏற்றுவது அவளுடைய வேலை. டொக்டர்மாரின் கிறுக்கல்களை வாசித்து வாசித்து, எந்தக் கையெழுத்தானாலும் பிடிபடும் கண் அவளுக்கு வந்திருந்தது. அதனால்தான் வெண்டல் அந்த வேலையை அவளிடம் கேட்டார்.

"கிளறி, நான் போறதுக்கு முதல் ஒரு விசயம் தெரியவேணும். ஐசத்தின்ர தாய் அவனை உண்மையிலயே எழுதிக் குடுத்தவளோ?"

ஐசம் வெண்டலுடைய பாட்டனாரின் தகப்பன். அடிமையாகப் பிறந்து, எட்டு வயதில் விடுதலை கண்டவர். விடுதலை வந்த சில மாதங்களில், அவருடைய தாய் அவரைப் பழைய எசமானிடமே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாளாம். இருபத்தொரு வயது வரை சம்பளம் இல்லாமல், அடிமையாக இருந்த அதே பண்ணையில், அடிமை என்ற பெயர் மட்டும் இல்லாமல் ஐசம் வேலை செய்தார். வயது போன பிறகும் அதை மறக்கவில்லை. வீட்டில் யாராவது 'அம்மா' என்று பாடினாலே எழுந்து வெளியே போய்விடுவாராம். பெற்ற பிள்ளைகளை ஒரு நாளும் மடியில் வைத்ததில்லை. "தாயே எழுதிக் குடுக்கிற சாதி நாங்கள். ஒருவரையும் நம்பாதேங்கோ" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் வார்த்தை. அந்த வார்த்தை மகனுக்குப் போயிற்று, பேரனுக்குப் போயிற்று. அந்தப் பேரன்தான் வெண்டலின் தகப்பன். பதினேழு வயதில் வெண்டலின் பெட்டியை வாசலில் வைத்துக் கதவைச் சாத்தியவர்.

அந்த வார்த்தை கடைசியில் கிளறிற்றாவிடமும் வந்து சேர்ந்தது. கலியாணத்துக்கு ஒரு மாதத்துக்கு முன் வெண்டல் அவளை டிராம் நிறுத்தத்தில் நிறுத்தி வைத்துச் சொன்னார்: "எனக்குப் பிள்ளை வேண்டாம். எங்கட ஆக்களுக்குப் பிள்ளையளை வைச்சிருக்கத் தெரியாது. அது என்னோட முடியவேணும்." அவளுக்கு அப்போது முப்பத்துநாலு. காலம் போகப் போக மனம் மாறும் என்று நினைத்தாள். அவர் மாறவில்லை. நாற்பத்தைந்து வயதுக்குப் பிறகு அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை.

இப்போது அவர் கேட்டது அந்தக் கதையின் வேரை. மறுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அன்று மாலையே லப்டொப்பை எடுத்துக்கொண்டு குசினி மேசையில் உட்கார்ந்தாள்.

அமெரிக்கப் பழைய ஆவணங்கள் பலவும் படமெடுத்து இணையத்தில் போடப்பட்டிருந்தன. தெரிந்த இடத்திலிருந்து தொடங்கிப் பின்னால் நடந்தாள். 1930ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கில் வெண்டலின் தகப்பன் பத்து வயதுப் பையன். அதே வீட்டில் கிழவர் ஐசம், எழுத வாசிக்கத் தெரியாதவர். 1939இல் ஐசத்தின் மரணப் பதிவு. தாயின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'தெரியாது' என்று இருந்தது. பிறகு ஒரே பாய்ச்சலாக 1870. அடிமைகளாக இருந்தவர்களைப் பெயர் சொல்லி எண்ணிய முதல் கணக்கு அது. பழைய எசமான் ஜே.டி. ஹஸ்கின்ஸின் வீட்டில், அவருடைய பிள்ளைகளுக்கெல்லாம் கீழே கடைசி வரியில்: ஐசம், வயது பதின்மூன்று, கறுப்பு, பண்ணை வேலை. எசமானின் குடும்பப் பெயரே அவருக்கும் ஒட்டிக்கொண்டது.

அதற்கு முந்திய 1860ஆம் ஆண்டுப் பட்டியலில் ஒருவருக்கும் பெயர் இல்லை. ஹஸ்கின்ஸின் பெயருக்குக் கீழே வயதும் ஆணா பெண்ணா என்பதும் மட்டும். 'ஆண், 3.' அது ஐசமாக இருக்கலாம். 'பெண், 25.' அது தாயாக இருக்கலாம். இருக்கலாம் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல ஏலாது. கிளறிற்றா அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மாடு கன்றுகளைக்கூடப் பெயர் வைத்துக் கூப்பிட்டிருப்பார்களே என்று நினைத்தாள்.

பங்குனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் அந்தப் பத்திரம் அகப்பட்டது. ஐசத்தின் பெயரில் தேடியபோது கிடைக்காதது, எசமானின் பெயரில், கவுண்டி எனப்படும் மாவட்டத்தின் நீதிமன்றப் புத்தகத்தில் கிடந்தது. 1866 தை மாதம். 'ஐசம், வயது எட்டு, டைசி என்னும் விடுவிக்கப்பட்ட கறுப்பினப் பெண்ணின் மகன். தொழில் பழகுபவனாக ஜே.டி. ஹஸ்கின்ஸிடம் இருபத்தொரு வயது வரை கட்டப்படுகிறான். தாய் சம்மதித்தாள்.' கீழே நீதிபதியின் ஒப்பம், ஹஸ்கின்ஸின் ஒப்பம். அவற்றுக்குக் கீழே, எழுதத் தெரியாதவர்கள் போடும் பெருக்கல் குறி, ஒரு புள்ளடி. புள்ளடியின் இரு பக்கமும் வேறொருவர் கையால் எழுதியிருந்தது: 'டைசி, அவளது அடையாளம்.'

கிளறிற்றா லப்டொப்பை மூடினாள். முன்னறைக்குப் போய் ஒக்சிஜன் குழாயில் முடிச்சு இருக்கிறதா என்று பார்ப்பதுபோலக் குனிந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டீர்," என்றார் வெண்டல்.

"இல்லை."

"உம்மட முகம் சொல்லுது. வாசியும்."

வேறு வழி இருக்கவில்லை. வாசித்தாள். கடைசி வரியை மட்டும் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் அடங்க ஐந்து நிமிடம் சென்றது.

"அப்ப கிழவன் பொய் சொல்லேல்லை. நல்லது. ஒரு வேலை முடிஞ்சுது."

அவள் பயந்தது அழுகைக்கு. வந்தது வேறு. அடுத்த நாளிலிருந்து வெண்டல் சாப்பாட்டுக் கோப்பையைப் பாதியில் தள்ளிவைக்கத் தொடங்கினார். மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்க வரும் தாதியை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். இயந்திரத்தின் கொம்பிரசரைப் பற்றிப் பேச்சே இல்லை. கிளறிற்றா வேலையால் வந்தால், போகும்போது இருந்த அதே இடத்தில், அதே பக்கம் பார்த்தபடி இருந்தார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை கிழக்கு லண்டனின் பார்க்கிங் பகுதியிலிருந்து செல்வமலர் வந்தாள். கிளறிற்றாவின் அக்கா, அவளைவிட ஆறு வயது மூத்தவள். ஒரு கறுப்பரைக் கலியாணம் செய்ததற்காக நாலு வருடம் தங்கையோடு பேசாமல் இருந்தவள், பிறகு தானாகவே ஒரு நத்தார்ப் பண்டிகைக்குக் கேக்கோடு வந்து கதவைத் தட்டியவள். இன்றைக்கு நண்டுக் கறி கொண்டுவந்திருந்தாள். வெண்டலுக்கு அது உயிர். அவர் ஒரு வாய் தின்றுவிட்டுக் கோப்பையை வைத்தார்.

"என்னடி, மனிசன் இப்பிடி உருகிப்போய் இருக்கிறார்?" குசினி வாசலில் நின்று செல்வமலர் கேட்டாள்.

கிளறிற்றா பத்திரத்தின் கதையைச் சொன்னாள்.

"அதுக்கோ? நூற்றைம்பது வருசத்துக்கு முந்தின கதையை எல்லாம் ஏனடி கிண்டிக் குடுத்தனி? தாய்க்காரி வைச்சிருக்க வசதியில்லாமல் குடுத்திருப்பாள். அடையாளம் போட்டிருக்கிறாள் எண்டா சம்மதிச்சுத்தானே போட்டிருப்பாள்."

கிளறிற்றா கழுவிக்கொண்டிருந்த சட்டியை வைத்தாள். "நாங்களும் சம்மதிச்சோ அக்கா போட்டனாங்கள்?"

"என்னத்தை?"

"பிரதாபனுக்கு."

செல்வமலரின் முகம் சிவந்தது. "அதையும் இதையும் ஏன் முடியிறாய்? அம்மா இருக்கிற காணி அவன்ர பேரில கிடந்தது. மரணச் சான்றிதழ் இல்லாட்டி மாத்த ஏலாது எண்டு கந்தோரில சொன்னவை. அம்மாவை றோட்டில விடுறதே?"

"ஓம். அதுக்குத்தான் போட்டனாங்கள். ஆனா அந்தக் கடுதாசியில என்ன கிடக்கு? 'எங்கள் சகோதரன் இறந்துவிட்டதாக நாங்கள் நம்புகிறோம்.' நான் அப்பிடி ஒரு நாளும் நம்பேல்லை அக்கா. நீயும் நம்பேல்லை."

"எனக்குத் தெரியாது. அதைப்பற்றி என்னோட கதைக்காதை." செல்வமலர் கைப்பையை எடுத்துக்கொண்டாள். வெண்டலின் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பிரதாபன் அவர்களுடைய கடைசித் தம்பி. 2009 வைகாசியில், சண்டை முடிந்த நாட்களில், சரணடைந்தவர்களை ஏற்றிய பஸ்ஸில் அவன் ஏறியதை அம்மா கண்டவர். அதற்குப் பிறகு அவனை ஒருவரும் காணவில்லை. லண்டனில் ஒவ்வொரு வைகாசியும் காணாமல் போனவர்களின் படங்களோடு ஊர்வலம் போகும்போது, பிரதாபனின் படத்தைப் பிடிப்பது வெண்டல்தான். உயரமான ஆள் பிடித்தால்தான் தெரியும் என்று அவரே வாங்கிக்கொண்டது. பதினாலு வருடம் பிடித்தார். ஏழு வருடத்துக்கு முன் அந்தத் தம்பி இறந்துவிட்டதாகத் தன் மனைவி எழுதிக் கொடுத்தது அவருக்குத் தெரியாது.

சகோதரிகள் பேசிய தமிழ் வெண்டலுக்கு விளங்கவில்லை. ஆனால் ஒரு பெயர் விளங்கியது.

"பிரதாபனைப் பற்றி என்ன?" என்று கேட்டார்.

கிளறிற்றா சோபாவின் மறுகரையில் இருந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். சட்டத்தரணி ஒருவரின் அறையில், அவர் நீட்டிய பேனாவால் ஒப்பமிட்டது, வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் சத்தி எடுத்தது, வீட்டுக்கு வந்து அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிட்டு அவித்தது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் அவன்ர படத்தை உயர்த்திப் பிடிச்சுக்கொண்டு நிண்டீங்கள். நான் எப்பிடிச் சொல்லுறது?"

இயந்திரம் உறுமிக்கொண்டே இருந்தது. வெண்டல் கண்ணை மூடியபடி, "நாளைக்கு ஒருவர் அந்தக் கடுதாசியை எடுத்துப் பார்த்தா, நீர் தம்பியைக் கைவிட்டனீர் எண்டுதான் நினைப்பார்," என்றார்.

"ஓம்."

"அப்ப டைசி?"

"தெரியாது. புள்ளடி அவள் போட்டதோ எண்டுகூடத் தெரியாது. பேனையைத் தொட்டாலே போதும், மிச்சத்தை அவையளே போட்டிருப்பினம்."

"தேடும்," என்றார். "எனக்காக இன்னும் ஒருக்காத் தேடும்."

அவளுக்கு அப்போதே 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கலாம் என்று பிறகு பலமுறை தோன்றியது. சொல்லவில்லை.

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, விடுவிக்கப்பட்டவர்களின் முறைப்பாடுகளைக் கேட்பதற்கென்று தெற்கெங்கும் அரசு அலுவலகங்கள் சில வருடங்கள் இயங்கின. வந்தவர் யார், யார்மீது முறைப்பாடு, என்ன முறைப்பாடு, என்ன செய்யப்பட்டது என்று அங்கே பெரிய புத்தகங்களில் எழுதினார்கள். அந்தக் கவுண்டிக்கான புத்தகங்களுக்குப் பெயர் அட்டவணை எதுவும் இருக்கவில்லை. பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும், அறுநூற்றுச் சொச்சம் படங்கள். கிளறிற்றா இரண்டு கிழமை லீவு எடுத்தாள். மண்ணிற மையில், ஒருவர் மேல் ஒருவர் ஏறி விழுவதுபோல நெருக்கி எழுதிய வரிகள். கூலி தராமல் துரத்தப்பட்டவன். முதுகுத் தோல் உரிய அடிக்கப்பட்டவள். கணவனைத் தேடும் மனைவி. பிள்ளையைக் கேட்கும் தாய், பிள்ளையைக் கேட்கும் தாய், பிள்ளையைக் கேட்கும் தாய். ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு மூன்று சொற்களில் கதை முடிந்தது. 'தள்ளுபடி.' 'அறிவுரை கூறப்பட்டது.' 'நடவடிக்கை இல்லை.'

பதினோராவது நாள் முற்பகல், 'பார்' என்ற குடும்பப் பெயரோடு, டைசியைக் கண்டாள்.

வெண்டல் விழித்திருந்தார். லப்டொப்பை அவருடைய மடியிலேயே கொண்டுபோய் வைத்தாள். அவருக்கு அந்த எழுத்து விளங்காது, ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் விரலை வைத்து வாசித்தாள்.

"1866 பங்குனி. டைசி பார். ஜே.டி. ஹஸ்கின்ஸ்மீது. தன் மகன் ஐசம், வயது எட்டு, தன் விருப்பமின்றித் தடுத்துவைக்கப்பட்டிருப்பதாகக் கூறுகிறாள். தான் எந்தக் கடுதாசியிலும் அடையாளம் போடவில்லை என்கிறாள். இருபத்தாறு மைல் நடந்து வந்திருக்கிறாள். பத்திரங்கள் முறையாக உள்ளன. தள்ளுபடி."

வெண்டலின் கை அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தது.

"இன்னும் இருக்கு. 1866 புரட்டாதி. டைசி பார். அதே முறைப்பாடு. பிள்ளையை வளர்க்கத் தன்னிடம் பணம் சேர்ந்திருப்பதாகக் கூறிக் காட்டினாள். வீட்டுக்குப் போகும்படி அறிவுரை கூறப்பட்டது."

"இன்னும்?"

"1867 மார்கழி. டைசி பார். மகனுக்குக் கிட்ட இருப்பதற்காக ஹஸ்கின்ஸ் பண்ணையிலிருந்து ஏழு மைல் தூரத்தில் கூலிக்கு அமர்ந்திருக்கிறாள். அவனைப் பார்க்க விடுவதில்லை என்கிறாள். தாய் அவனை விட்டுப் போய்விட்டாள் என்று பையனுக்குச் சொல்லப்பட்டிருப்பதாகக் கூறுகிறாள். அது பொய் என்று அவனிடம் யாராவது சொல்ல வேண்டும் எனக் கேட்கிறாள்."

"என்ன செய்தவை?"

அவள் கடைசிக் கட்டத்தை வாசித்தாள். "நடவடிக்கை இல்லை."

அதற்குப் பிறகு டைசி பார் எங்கே போனாள் என்பதையும் அன்றே கண்டுபிடித்தார்கள். பெயர் முழுதாகக் கிடைத்துவிட்டதால் அதற்கு அதிக நேரம் செல்லவில்லை. 1870 கணக்கெடுப்பின்போது, முந்திய பன்னிரண்டு மாதத்தில் செத்தவர்களையும் தனியாக எழுதியிருந்தார்கள். டைசி பார், பெண், கறுப்பு, வயது முப்பத்தைந்து. மாதம் மாசி. காரணம், தெரியாது. அந்த ஆடியில் கணக்கெடுக்க வந்தவன் ஹஸ்கின்ஸ் வீட்டுக்கும் போயிருந்தான். ஐசத்தைக் கடைசி வரியில் எழுதிக்கொண்டான்.

வெண்டலுக்கு நிம்மதி வரும் என்று கிளறிற்றா எதிர்பார்த்தாள். இவ்வளவு நாளும் கண்ணைப் பழுதாக்கியது அதற்காகத்தானே. தாய் எழுதிக் கொடுக்கவில்லை. நடந்து நடந்து கேட்டவள்.

வெண்டல் லப்டொப்பின் மூடியை மெதுவாகச் சாத்தினார்.

"ஏழு மைல்," என்றார். "அவன் அந்தப் பண்ணையில நிண்டு அவளைத் திட்டிக்கொண்டு இருந்திருக்கிறான். அவள் ஏழு மைலில."

"ஆனா உண்மை தெரிஞ்சிட்டுதே, வெண்டல்."

"ஆருக்கு? ஐசம் 1939இல செத்துப்போனார். எண்பத்திரண்டு வயசு. சாகிற அண்டைக்கும் தாயைப் பற்றிக் கேட்டபோது முகத்தைத் திருப்பினவராம். என்ர பாட்டன் செத்தாச்சு. அப்பா செத்தாச்சு. நான் அப்பாவின்ர செத்தவீட்டுக்குப் போகேல்லை, கிளறி. ஏன் போகவேணும், எங்கட ஆக்கள் இப்பிடித்தானே எண்டு இருந்தனான்." மூச்சு முட்டியது. சற்று நிறுத்தினார். "ஒரு பொய். ஒரு வெள்ளைக்காரன் ஒரு சின்னப் பெடியனுக்குச் சொன்ன பொய். அதில நாலு தலைமுறை குடியிருந்திருக்கு."

அவள் அவருடைய முதுகைத் தடவினாள்.

"கிளறி, நான் உம்மட்ட அண்டைக்கு டிராம் நிறுத்தத்தில..."

"சொல்லாதேங்கோ."

"அந்தப் பிள்ளை..."

"சொல்லாதேங்கோ எண்டு சொன்னனான்!"

அவள் எழுந்துவிட்டாள். கோட்டை எடுத்து மாட்டினாள். கதவைச் சாத்தும்போது பின்னால் அவர் இருமுவது கேட்டது. திரும்பவில்லை. நேரே டிராமுக்குப் போய், வந்த முதலாவதில் ஏறி, விம்பிள்டன் மட்டும் போனாள். இறங்காமல் அதிலேயே திரும்பினாள். எதிர் இருக்கையில் ஒரு பெண் தன் குழந்தைக்குப் பிஸ்கட்டை உடைத்து உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கிளறிற்றா முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டாள்.

யாரைக் கோபிப்பது? வெண்டலையா? அவரும் ஏமாந்தவர். ஐசத்தையா? எட்டு வயதுப் பிள்ளை. ஹஸ்கின்ஸ் என்பவனின் எலும்பும் இன்று மிஞ்சியிராது. இருபத்துமூன்று வருடமாக, 'இது இந்த மனிதரின் இரத்தத்தில் இருக்கிறது, என்ன செய்ய' என்று தன்னைத் தேற்றி வைத்திருந்தாள். அந்தத் தேறுதலும் இன்று கையை விட்டுப் போயிற்று. இரத்தத்தில் ஒன்றும் இருக்கவில்லை. இருந்திருந்தால், ஏழு மைலில் கூலிக்கு அமர்ந்தவளின் பிடிவாதம் இருந்திருக்கும். அந்த இரத்தத்தில் ஒரு பிள்ளையைத் தான் பெற்றிருக்கலாம். இன்றைக்கு அதற்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தபோது வெண்டல் சோபாவில் இல்லை. குசினியில், சுவரைப் பிடித்தபடி, குழாயை அது நீளும் மட்டும் இழுத்துக்கொண்டு வந்து நின்றார். அவளுக்கென்று தேத்தண்ணி போட முயன்றிருக்கிறார். கேத்தல் மேசையில் கவிழ்ந்து, தண்ணீர் நிலமெல்லாம் ஓடிக் கிடந்தது. அவள் அவரைத் தாங்கிக் கொண்டுபோய் இருத்தினாள். நிலத்தைத் துடைத்தாள். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் மன்னித்ததாகச் சொல்லவும் இல்லை. அன்றிலிருந்து அதுபற்றி அவர்கள் பேசவே இல்லை.

பதினெட்டு நாள் கழித்து, சித்திரை முடியும் தறுவாயில், மருத்துவமனையில் ஒரு மத்தியான நேரம் வெண்டல் கண்ணை மூடினார். கடைசி இரண்டு நாளும் அவருக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. கிளறிற்றாவின் கையைப் பிடித்து, "அவனுக்கு ஆரும் சொன்னவையோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "சொல்லிப்போட்டினம்," என்றாள் அவள். "சொல்லிப்போட்டினம், வெண்டல்." அது அவருக்குக் கேட்டதா என்று அவளுக்குத் தெரியாது. அடுத்த நிமிடம் மறுபடியும் கேட்டார்.

சுடலைக்குக் கடைக்காரர்கள் பதினைந்து இருபது பேர் வந்தார்கள். சிலர் கடையைப் பூட்டிவிட்டே வந்திருந்தார்கள். அவருடைய சொந்தம் என்று ஒருவரும் இல்லை.

சொந்தத்தில் மிஞ்சியிருந்தது மெம்பிஸில் லொரேன் என்ற ஒன்றுவிட்ட சகோதரி மட்டும். கிளறிற்றா எல்லாப் படங்களையும் அச்சடித்து, ஒவ்வொன்றுக்கும் கீழே தெளிவான எழுத்தில் விளக்கம் எழுதி, ஒரு கடிதமும் வைத்து அவளுக்கு அனுப்பினாள். 'உங்கள் பாட்டனாரின் தகப்பனை அவருடைய தாய் எழுதிக் கொடுக்கவில்லை' என்று தொடங்கிய கடிதம். ஆனி மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது, லொரேனின் மகளிடமிருந்து. அம்மா போன வருடமே தவறிவிட்டார். அந்தப் பக்கத்து ஆட்களோடு எங்களுக்குத் தொடர்பு இல்லை, அந்தக் கதைகளும் தெரியாது. உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம். மூன்று வரி.

கிளறிற்றா அதை வாசித்துவிட்டு வெகுநேரம் மேசையிலேயே இருந்தாள். டைசி பார் இருபத்தாறு மைல் நடந்தது, பணத்தைச் சேர்த்துக்கொண்டு போய்க் காட்டியது, ஏழு மைலில் போய் இருந்தது எல்லாம் தெரிந்தவள் உலகத்தில் இப்போது தான் ஒருத்தி. டைசியின் இரத்தம் தன்னில் ஒரு சொட்டும் இல்லை. தனக்குப் பிறகு சொல்லவும் ஆள் இல்லை.

பின்னேரம் அக்காவுக்கு ஃபோன் எடுத்தாள்.

"அக்கா, பிரதாபனுக்கு நாங்கள் குடுத்த கடுதாசியைத் திருப்பி எடுக்க ஏலுமோ?"

"விசரே உனக்கு? காணி கைமாறியாச்சு. அம்மாவும் கண்ணை மூடிப்போட்டா. இனி ஆரட்டப் போய்க் கேக்கிறது?"

"எழுதிப் போடுவம். நாங்கள் விருப்பத்தோட ஒப்பம் வைக்கேல்லை எண்டு. அவ்வளவுதான்."

"எழுதினா என்ன செய்வினம்?"

"ஒண்டும் செய்யமாட்டினம்."

மறுபக்கத்தில் செல்வமலர் அழத் தொடங்கினாள். தம்பி காணாமல் போன இந்தப் பதினைந்து வருடத்தில் அக்கா அழுது கிளறிற்றா கேட்டதில்லை. ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல், அக்கா அழுது முடியும் வரை இருந்தாள்.